சாலோமியின் ஆயுள் உரிமை

சபீதா அந்த வீட்டை முதன்முதலில் பார்க்கப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். பாளையங்கோட்டையில் ஆற்றுக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற சின்னத் தெருவில் இருந்தது வீடு. முன்பக்கம் ஓடு, உள்ளே தளம் போட்ட மூன்று அறைகள், பின்னால் கிணறு.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கணவன் ரசீத் சவூதியில், தம்மாமில் இருக்கிறான். தச்சநல்லூரில் அவளும் மகள் அஃப்ராவும் குடியிருந்த வாடகை வீட்டை, மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லி வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்லிவிட்டார். இனி வாடகைக்கு அலைவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

வீட்டை விற்கிறவர் பெயர் எஸ்றா. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். கதவைத் திறந்துவிட்டு அவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"நீங்க போய்ப் பாருங்க தங்கச்சி. எனக்கு இந்தத் தூசி ஒத்துக்கிடாது."

தூசி உண்மையிலேயே அதிகம்தான். நடந்தால் தடம் விழுந்தது. முன் அறை, நடு அறை, அடுக்களை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனாள். வடக்கு ஓரத்தில் தனியாக ஓர் அறை. அதன் கதவு முற்றத்தைப் பார்த்து இருந்தது. துருவேறிய பெரிய பூட்டு தொங்கியது. பக்கத்தில் கம்பி வைத்த சன்னல், பாதி திறந்திருந்தது.

எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு இரும்புக் கட்டில். அதில் சுருக்கமில்லாமல் விரித்த வெள்ளைத் துணி. ஸ்டூலின் மேல் மூடி வைத்த செம்பு. தரையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. ஈரச் சிமெண்டுத் தரையில் இப்போதுதான் யாரோ துடைப்பத்தைப் போட்டுக் கூட்டிவிட்டுப் போனதுபோல் வரிவரியாக இருந்தது.

கதவைத் தட்டலாமா என்று கை எடுத்தாள். பிறகு தட்டவில்லை. குளிக்கிற பெண்ணைத் தெரியாமல் பார்த்துவிட்டதுபோல ஒரு கூச்சம்.

"அண்ணாச்சி, அந்த ரூம்ல யாரும் வாடகைக்கு இருக்காங்களா?"

"யாருமில்ல தங்கச்சி. சாவி எங்கனயோ போச்சு. எங்க அத்த இருந்த ரூம். அவிய போயி ரொம்ப வருசமாச்சு."

அவள் அதை இறந்து போனதாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

வழக்கறிஞர் கலைச்செல்வியைச் சபீதாவுக்குப் பரிந்துரைத்தவர் அவளுடைய நிலையத்து டாக்டர். சொத்துப் பத்திரங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வதுதான் கலைச்செல்விக்கு முக்கிய வேலை. நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு சின்ன அறை. நகல்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"வில்லங்கம் போட்டுப் பாத்தீங்கள்லா?"

"முப்பது வருசத்துக்குப் பாத்துட்டேன் மேடம். கடன் ஒண்ணும் இல்ல. எஸ்றா அண்ணாச்சிக்கு அவங்க வாப்பா செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்திருக்காங்க. அது மட்டும்தான் இருக்கு."

"வில்லங்கத்துல பத்திரத்தோட பேரும் நம்பரும் தேதியும்தான் வரும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு பத்திரத்தப் படிச்சாத்தான் தெரியும். நாலாம் பக்கத்தப் பாருங்க."

அவர் விரலை வைத்துக் காட்டிய இடத்தைச் சபீதா படித்தாள். எஸ்றாவின் தகப்பனார் சுவிசேஷமுத்து எழுதியிருந்தார். மேற்படி வீட்டின் வடக்கு அறையில் வசிக்கவும், கிணற்றில் நீர் எடுக்கவும், வாசல் வழியே போய் வரவும் எனது சகோதரி சாலோமிக்கு அவர் ஆயுள் உள்ளவரை உரிமை உண்டு. அதற்கு யாரும் யாதொரு இடையூறும் செய்யக்கூடாது.

"அந்த அம்மா எறந்துட்டாங்க மேடம்."

"இறப்புச் சான்றிதழ் இருக்கா?"

சபீதா அங்கிருந்தே எஸ்றாவுக்குப் போன் செய்தாள். அவர் சொன்னது இதுதான். அத்தை செத்ததாக யாருக்கும் தெரியாது. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. போலீசில் புகார் எதுவும் கொடுக்கவில்லை.

கலைச்செல்வி பேனாவை மூடி வைத்தார்.

"ஒரு ஆளு உசுரோட இருந்தா யாருக்கெல்லாம் தகவல் தெரிஞ்சிருக்குமோ, அவுங்க யாருக்குமே ஏழு வருசமா ஒரு தகவலும் இல்லன்னா, கோர்ட்டு அவுங்க எறந்துட்டதா எடுத்துக்கிடும். ஆனா அதுக்கு வழக்குப் போடணும். எஸ்றா சத்தியம் பண்ணி எழுதித் தரணும், பக்கத்து வீட்டு ஆளுகளும் சொல்லணும். அதெல்லாம் இருக்கட்டும். அந்த ரூம்ல இப்ப யாரு இருக்கான்னு மொதல்ல பாக்கணும். எடம் யாரு கையில இருக்குன்னு பாக்காம பத்திரத்த மட்டும் படிச்சா பாதி வேலதான்."

அந்த வாரமே எஸ்றாவையும் சேர்த்து மூவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். பூட்டுத் திறக்கிற ஆள் ஒருவரையும் கலைச்செல்வி கூட்டி வந்திருந்தார். அவர் பூட்டைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இத யாரும் தெறந்து பத்து வருசத்துக்குக் கொறையாது. உள்ள கட்டி தட்டிப் போச்சு. அறுக்கத்தான் செய்யணும்."

கால் மணி நேரம் அறுத்தார். கதவு திறந்தது. வேப்பெண்ணெய்ச் சோப்பின் வாசனை வந்தது. கலைச்செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார். வேறு வழி எதுவும் இல்லை. சன்னல் கம்பியில் குழந்தைகூட நுழைய முடியாது. ஸ்டூலில் இருந்த செம்பின் மூடியை எடுத்தார். தண்ணீர் தளும்ப இருந்தது. விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"குளுந்து கெடக்கு. இன்னைக்கு எடுத்த தண்ணி."

அப்போது பின்னால் கிணற்றுச் சகடை உருண்டது. கிறீச் என்று ஒரு இழுப்பு, ஓய்வு, மறுபடி ஒரு இழுப்பு. தண்ணீர் இறைக்கிறவர்கள் கை மாற்றி இழுக்கிற அதே கணக்கு. சபீதா ஓடிப்போய்ப் பார்த்தாள். கிணற்றடியில் யாரும் இல்லை. கயிறு ஆடிக்கொண்டிருந்தது. வாளியின் அடியிலிருந்து சொட்டிய தண்ணீர் கல்லில் விழுந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

பூட்டுக்காரர் கூலியைக்கூட வாங்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எஸ்றா தெருவில் நின்றார். அவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை.

பக்கத்து வீட்டுச் சுடலைவடிவு காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். ஐம்பது வயதிருக்கும்.

"அந்த அம்மாவப் பத்தி ஒங்களுக்கு ஏதாவது தகவல் உண்டா?" என்று கலைச்செல்வி கேட்டார்.

"ஆள நான் பாத்து எத்தனையோ வருசமாச்சு. ஆனா விடிஞ்சா தண்ணி எறைக்குத சத்தம் கேக்கத்தான் செய்யுது. ஒரு நாளும் தப்பாது."

"ஒரு தகவலும் இல்லன்னு கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"அது எப்படிப் போட முடியும்? கேக்குதுன்னுதான சொல்லுதேன்."

திரும்பி நடக்கும்போது சபீதா மெதுவாகக் கேட்டாள். "மேடம், நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு வாங்கினா என்ன?"

"ஒரு உரிமை இருக்குன்னு தெரிஞ்சு வாங்குனவுக, பெறகு தெரியாதுன்னு சொல்ல முடியாது. நீங்க பாத்துட்டீங்க. நானும் பாத்துட்டேன்."

கலைச்செல்வியின் கை, செம்புத் தண்ணீரில் விட்ட விரலை அவ்வப்போது சேலையில் துடைத்துக்கொண்டே வந்தது.

எஸ்றாவின் சத்தியப் பிரமாணம் தட்டச்சாகித் தயாரானது. 'எனது அத்தை சாலோமியைப் பற்றிக் கடந்த பதின்மூன்று ஆண்டுகளாக எனக்கு எந்தத் தகவலும் இல்லை' என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்தார். முதல் எழுத்தை எழுதினார். நிறுத்தினார்.

"என்னால முடியல" என்றார்.

கலைச்செல்வி ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் குடிக்கவில்லை.

"வருசத்துக்கு ரெண்டு மட்டம் வீட்டத் தெறக்கப் போறேம்லா. வாசல்ல நின்னதுமே உள்ள கூட்டுத சத்தம் கேக்கும். ஒருநாள் நடுவீடு வரைக்கும் போனேன். 'ஏல எஸ்றா, சாப்பிட்டியா'ன்னு கேட்டாவ. அத்த கொரலுதான். அதோட நான் உள்ள போகதே இல்ல."

"அவங்க ஏன் போனாங்க?" என்று சபீதா கேட்டாள்.

எஸ்றா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்போதும் வீட்டை வாங்க ஒரு ஆள் வந்திருந்தான். அத்தை சம்மதிக்கவில்லை. ஒரு மத்தியானம், அத்தை சர்ச்சுக்குப் போயிருந்த நேரத்தில், எஸ்றா அந்த அறையைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டார். திரும்பி வந்த அத்தை பூட்டைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கையில் இருந்த பையோடு அப்படியே போய்விட்டார். வீட்டை வாங்க வந்தவனும் அதற்குப் பிறகு வரவில்லை.

"தேடுனீங்களா?"

"நாலு எடத்துல கேட்டேன். நல்லா தேடல. தேடல தங்கச்சி."

அவர் அழுதார். அழுகிற ஆளைப் பார்த்து ஆறுதல் சொல்ல அன்றைக்குச் சபீதாவுக்கு மனம் வரவில்லை.

கலைச்செல்வி வேறு வழி சொன்னார். சொத்து வாங்குவதற்கு முன் செய்தித்தாளில் பொது அறிவிப்புக் கொடுப்பது வழக்கம். அதில் சாலோமியின் பெயரையும், அண்ணன் சுவிசேஷமுத்துவின் பெயரையும், வீட்டு விவரத்தையும் போட்டு, இந்தச் சொத்தில் உரிமை உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று விளம்பரம் செய்தார்.

பத்தாவது நாள் ஒரு கடிதம் வந்தது. உவரிக்குப் பக்கத்தில் கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்திலிருந்து. 'தாங்கள் குறிப்பிடும் சாலோமி அம்மாள் எங்கள் இல்லத்தில் இருக்கிறார் என்று நம்புகிறோம். ஊர் பெயரை இதுவரை சொன்னதில்லை. தூக்கத்தில் சுவிசேஷம் என்று அண்ணனைக் கூப்பிடுவார்.'

மூன்று பேரும் ஒரு காரில் உவரிக்குப் போனார்கள். இல்லத்தின் சன்னல்களுக்கு வெளியே கடல் இரைந்தது. பொறுப்பில் இருந்த சிஸ்டர் அவர்களை ஒரு நீளமான அறைக்குள் கூட்டிப்போகும்போதே சொன்னார்.

"இடுப்பு ஒடிஞ்சு நாலு வருஷமாச்சு. எந்திரிச்சு உக்காரக்கூட ரெண்டு பேர் பிடிக்கணும். ஆனா காலையில முழிச்சதும் கைய இப்படி இப்படி ஆட்டிக்கிட்டே இருப்பாங்க. என்ன செய்றீங்கன்னு கேட்டா, 'கூட்டிக்கிட்டு இருக்கேன், கால எடுங்க'ன்னு சொல்லுவாங்க. அப்புறம் கயிறு இழுக்கிற மாதிரி இழுப்பாங்க. நாங்க பழகிட்டோம்."

கடைசிக் கட்டிலில் எண்பது வயதைக் கடந்த ஒரு பெண் படுத்திருந்தார். முகம் சுருங்கியிருந்தாலும் கண் தெளிவாக இருந்தது. அவர் எஸ்றாவைப் பார்க்கவில்லை. சபீதாவைத்தான் பார்த்தார்.

"சன்னல் வழியா எட்டிப் பாத்த பிள்ளலா நீ?"

சபீதா கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள். "ஆமா" என்றாள்.

"தட்டலாமான்னு கையத் தூக்குன. தட்டல. நல்ல பிள்ள." கலைச்செல்வியைப் பார்த்தார். "இவ செம்புல வெரல விட்டுட்டா. தண்ணியக் கீழ ஊத்த வேண்டியதாப் போச்சு."

சபீதா தினமும் எத்தனையோ கைகளைப் பிடித்து ரத்தம் எடுக்கிறவள். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில், அந்தக் கையைப் பிடித்தாள். நாலு வருஷம் படுக்கையில் கிடந்தவர்களின் உள்ளங்கை எப்படி மெத்தென்று இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கை அப்படி இல்லை. விரல்களின் அடியில் கயிறு இழுத்துக் காய்த்துப்போன தடிப்புகள். அவற்றில் ஒன்று புதிதாக உரிந்து சிவந்திருந்தது.

எஸ்றா கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டார். "அத்த, வீட்டுக்கு வாரீயளா?"

"நான் வீட்டுலதானல இருக்கேன்."

பிறகு கலைச்செல்வி தன் வேலையைச் செய்தார். இன்றைக்கு என்ன கிழமை, அண்ணன் பெயர் என்ன, வீட்டுக்கு எத்தனை வாசல் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. புத்தி தெளிவாக இருக்கிறது என்று உறுதியான பின், பத்திரத்தைப் பற்றி விளக்கினார். அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக அம்மா விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம்; தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை; தராவிட்டாலும், உரிமையை அப்படியே வைத்துக்கொண்டு வீடு கைமாறலாம்.

"எழுதித் தர மாட்டேன்" என்றார் சாலோமி. "எங்க அண்ணன் குடுத்தது. வீட்ட யாரு வேணும்னாலும் வாங்கட்டும். இந்தப் பிள்ள வாங்கட்டும். என் ரூம மட்டும் பூட்டாதீங்க."

அன்று மாலை சபீதா ரசீத்திடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஊருல வேற வீடே இல்லையா ஒனக்கு? போயும் போயும் பேய் இருக்க வீடா?"

"மவுத்தானவங்களத்தான் பேய்னு சொல்லுவாங்க. இவங்க உசுரோட இருக்காங்க. நான் கையப் பிடிச்சுப் பாத்தேன்."

"அப்ப அது என்ன?"

"எனக்குத் தெரியல. ஆனா அவங்களுக்கு அங்கன இருக்க உரிமை இருக்கு. அது பத்திரத்துல இருக்கு."

ரசீத் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "ஒனக்குப் பயமில்லன்னா வாங்கு" என்றான். பயமில்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த அறையைப் பூட்டுகிற ஒருவர் கைக்கு அந்த வீடு போய்விடுமோ என்ற நினைப்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

விற்பனைப் பத்திரத்தில் கலைச்செல்வி அந்த உரிமையை வார்த்தை மாறாமல் எழுதினார். சார்பதிவாளர் அலுவலகத்தில் படித்துக் காட்டியபோது எழுத்தர் ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். சபீதா கையெழுத்துப் போட்டாள்.

குடிபோன மறுநாள் விடியற்காலையில் அவள் தொழுது முடித்துப் பாயைச் சுருட்டும்போது, வடக்கு அறையில் துடைப்பம் உரசும் சத்தம் கேட்டது. பிறகு சகடை. அஃப்ரா எழுந்து வந்து உம்மாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு மாதம் அவள் பின்பக்கமே போகவில்லை. பிறகு, எப்படியென்று தெரியாமல், அதுவும் வீட்டுச் சத்தமாகிவிட்டது. பரீட்சை நாட்களில், "ஆச்சி எந்திச்சிட்டாங்க, மணி என்னம்மா?" என்று கேட்டபடி எழுந்துகொள்வாள்.

அறைக்குள் அவர்கள் யாரும் போவதில்லை. கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள், பூட்டமாட்டார்கள். சபீதா மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி உவரிக்குப் போய் வருவாள். ஒருதடவை, அஃப்ராவின் தோழிகள் வந்து போகிறார்களே என்று கிணற்றுக்கு இரும்பு வலை போட்டு மூடினாள். அடுத்தமுறை போனபோது சாலோமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கெணத்த ஏன் அடச்ச? மூணு நாளா தாகம்."

இல்லத்தில் அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் செம்பு நிறையத் தண்ணீர் இருப்பதைச் சிஸ்டர் காட்டினார். சபீதா ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வலையை எடுத்தாள்.

இப்படி ஒரு வருஷமும் இரண்டு மாதமும் போயின. தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, தொழுது முடித்த பிறகும் பின்பக்கம் நிசப்தமாக இருந்தது. சபீதா பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். தெருவில் பால்காரர் மணி அடித்துப் போனார். ஒன்பது மணிக்குச் சிஸ்டர் போன் செய்தார்.

அடுத்த போன் எஸ்றாவிடமிருந்து. குரல் உடைந்திருந்தது.

"தங்கச்சி, நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது. அத்தைய அந்த வீட்டுல இருந்து எடுத்தா நல்லாருக்கும். ஒரு மணி நேரம் போதும்."

அவள் கலைச்செல்வியைக் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "உசுரு போனதும் அந்த உரிமையும் போச்சு. இனிமே வீடு முழுசும் ஒங்களுது. நீங்க சம்மதிச்சாத்தான்."

"கொண்டு வாங்க அண்ணாச்சி" என்று சபீதா எஸ்றாவிடம் சொன்னாள்.

இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. நாலு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்கள். சபீதா வடக்கு அறைக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. வெளியே பூட்டும் இல்லை, கொண்டியும் போடவில்லை. எஸ்றாவும் தோள் கொடுத்துத் தள்ளினார். கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

சன்னலும் சாத்தியிருந்தது. தூக்கி வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டுப் புத்தகத்தோடு நின்ற சர்ச்சுப் பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். சுடலைவடிவு சுவருக்கு அப்பால் கும்பிட்டபடி நின்றாள்.

எஸ்றா கதவில் நெற்றியை வைத்தார். உள்ளே இருக்கிற ஒருவரிடம் பேசுகிற மாதிரி, மெதுவாகப் பேசினார்.

"அத்த, எஸ்றாதான். நாந்தான் பூட்டுனேன். சாவியக் கெணத்துல போட்டது நாந்தான். நீங்க பசியோட வந்திருப்பியன்னு தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சேன். மன்னிச்சிருங்க. ஒங்களக் கொண்டாந்திருக்கோம். கதவத் தெறங்க."

கலைச்செல்வி சபீதாவின் முழங்கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி வலித்தது.

உள்ளே இரும்பு இரும்போடு உரசியது. நீண்ட நாள் எண்ணெய் காணாத தாழ்ப்பாள், கொஞ்சம் கொஞ்சமாக, வயதான கை இழுப்பதுபோல நின்று நின்று விலகியது. கதவு தானாக ஒரு சாண் உள்ளே போனது.

எஸ்றாதான் முதலில் நுழைந்தார். உள்ளே யாரும் இல்லை.

சாலோமியை ஒரு மணி நேரம் அங்கே வைத்திருந்தார்கள். பெண்கள் பாடினார்கள், போதகர் ஜெபம் செய்தார். அஃப்ரா வாசல் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். கடைசி ஆளாக வெளியேறிய எஸ்றா, சபீதாவின் முன்னால் நின்றார். கைகூப்பிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து இறப்புச் சான்றிதழ் வந்தது. அதைப் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டி வைக்கச் சொன்னார் கலைச்செல்வி. இனி அந்தச் சொத்தில் யாருக்கும் எந்தப் பாத்தியமும் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்தார்.

மறுநாள் விடியலில் சபீதா தொழுதுவிட்டு வடக்கு அறைக்குப் போனாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை, எந்த வாசனையும் இல்லை. மற்ற எந்த வீட்டிலும் இருக்கிற மாதிரி ஒரு வெற்று அறை. ஒரு வருஷத்துக்கு மேலாக இங்கே தூங்கி எழுந்தபோது வராத பயம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. இந்த அறை ஆளில்லாமல் கிடக்கக் கூடாது என்று தோன்றியது. வாசலுக்கு வந்து அஃப்ராவைக் கூப்பிட்டாள்.

"ஒன் புஸ்தகத்தெல்லாம் எடுத்துக்கிட்டு வா. இனி நீ இங்கன இருந்து படி."

"இப்பவேயாம்மா?"

"ஆமா. இப்பவே வா."